தெலுங்கு தமிழுக்கு மகள் இல்லை

"தமிழோடு சமஸ்கிருதத்தைக் கலந்தால் தெலுங்கு." திருத்தணியில் இதைச் சொல்லாத டீக்கடை உண்டா? ஆடிக் கிருத்திகைக்கு நகரி, புத்தூர்ப் பக்கத்துக் காவடிகள் வந்திறங்கினால் போதும், பேச்சு கிளம்பிவிடும். ஆதாரமும் கைவசம் இருக்கும்: ஊர்–ஊரு, பால்–பாலு, கால்–காலு. அப்புறமென்ன, தீர்ப்பு எழுதியாயிற்று. பள்ளியில் பாடம் நடத்துகிறவர்களும் இதையே ஒப்பிப்பதுதான் எனக்கு எரிச்சல். மொழிநூல் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: இது அடியோடு தவறு.

பெரியப்பா மகளுக்கும் உங்களுக்கும் மூக்கு ஒன்றுபோல இருந்தால், அவளை நீங்கள் பெற்றதாகவா அர்த்தம்? தாத்தா ஒருவர், அவ்வளவுதான். அந்தத் தாத்தாவுக்கு மொழிநூலில் மூலத் திராவிடம் என்று பெயர். தாத்தாவிடமிருந்து வந்ததை இருவரும் வைத்திருப்பதில் அதிசயமில்லை. பிற்பாடு ஏற்பட்ட மாற்றங்களில் யார் யாரோடு சேர்ந்து மாறினார்கள் என்று பார்த்தால்தான் கிளை தெரியும்.

பேருந்து நிலையத்தில் திருப்பதி பஸ்ஸுக்கு நிற்கும் தெலுங்குக் குடும்பத்தைக் கவனியுங்கள். தம்பி வந்தால் "தம்முடு வச்சாடு". அம்மா வந்தால் "அம்ம வச்சிந்தி". பஸ் வந்தாலும் "பஸ்ஸு வச்சிந்தி"தான். ஒருமையில் ஆணுக்கு ஒரு முடிபு. பெண்ணுக்கும் பொருளுக்கும் சேர்த்து இன்னொன்று. "பாரய்யா, பெண்பாலையே தொலைத்துவிட்டார்கள்" என்று நம்மவர் சிரிப்பார், வீட்டில் "அக்கா வந்துச்சு" என்று பேசிக்கொண்டே. தெலுங்கு எதையும் தொலைக்கவில்லை. கோண்டியிலும் இப்படித்தான், கோலாமியிலும் இப்படித்தான். மூல மொழியின் ஏற்பாடே இதுதான் என்பது பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தியின் முடிவு. 2003இல் வந்த அவருடைய திராவிட மொழிகள் நூலில் விரிவாகப் பார்க்கலாம். 'அவள்' என்ற தனி வடிவத்தைப் பிற்பாடு உண்டாக்கிக்கொண்டது தமிழ், மலையாளம், கன்னடம் அடங்கிய கிளை. தெலுங்கு தமிழின் வயிற்றில் பிறந்திருந்தால் அந்த 'அவள்' கூடவே போயிருக்க வேண்டாமா?

இன்னும் சந்தேகமா? நம் உரல் தெலுங்கில் ரோலு. நம் அவர் அங்கே வாரு. முன்னால் நின்ற உயிர் மெய்யைத் தாண்டிப் பின்னால் போய்விடுகிறது. இந்தப் பழக்கத்தில் தெலுங்குக்குக் கூட்டாளிகள் கோண்டி, கூயி, கூவி, கொண்டா மொழிகள். நகரிக்காரர் பேச்சுக்குக் கிட்டத்து உறவு பக்கத்து ஊரான நம் பேச்சு இல்லை, ஒடிசா மலைகளில் பேசும் கூயி.

சமஸ்கிருதம் கலந்ததே என்பீர்கள். கலந்தது, நிறையவே கலந்தது. கடன் வாங்கினால் குலம் மாறாது. பிலிப்பைன்சின் செபுவானோ மொழியில் மேசை 'லமேசா', கரண்டி 'குட்சாரா'; மணி சொல்வதுகூட ஸ்பானிய எண்ணில்தான். ஆனாலும் அது ஸ்பானியத்தின் பிள்ளை அல்ல, மலாய், ஜாவா மொழிகளின் சுற்றம். மாறாக, தென்னாப்பிரிக்காவின் ஆப்பிரிக்கான்ஸ் வினை விகுதிகளைப் பெரும்பாலும் உதிர்த்துவிட்டு டச்சிலிருந்து விலகி நிற்கிறது; அதன் தாயோ 1652 முதல் கேப் பகுதியில் குடியேறியவர்கள் பேசிய டச்சுதான். சாயலை மட்டும் பார்த்தால் இரண்டிலும் ஏமாறுவோம். தெலுங்கின் அடிப்படை எண்கள், உடலுறுப்புப் பெயர்கள், வினை விகுதிகள் எல்லாம் திராவிடம். இதைச் சென்னையிலேயே எல்லிஸ் 1816இல், கேம்பெலின் தெலுங்கு இலக்கணத்துக்கு எழுதிய முன்னுரையில் நிறுவிவிட்டார். இருநூறு வருஷம் போதவில்லையா நமக்கு?

உடனே கால்டுவெல்லை இழுப்பார்கள். 1856இல் வந்த அவருடைய ஒப்பிலக்கணத்தைத் திறந்து பார்த்தவர் இப்படிப் பேசமாட்டார். எல்லாவற்றுக்கும் பொது மூலம் ஒன்று, அதன் பழமையைத் தமிழ் அதிகம் காத்திருக்கிறது என்பதே அவர் கருத்து. தமிழ் வயிற்றில் மற்றவை உதித்தன என்ற எண்ணத்தை ஊரெல்லாம் பரப்பியதில் 1891இல் வந்த மனோன்மணீயத்தின் வாழ்த்துப் பாடலுக்குப் பங்குண்டு. அது கவிதை, அழகான கவிதை. 1970இல் அரசு அதை வாழ்த்தாக ஏற்றபோது அந்த அடிகளை விட்டுவிட்டது. டீக்கடை இன்னும் விடவில்லை.

மலையாளம்? அங்கே உங்கள் பேச்சில் விஷயம் உண்டு. பழந்தமிழின் மேற்கு வழக்கிலிருந்து கிளைத்தது அது. தெலுங்கு எழுத்து தமிழ் எழுத்திலிருந்து வந்ததா? இல்லை, அது கன்னட எழுத்தின் உடன்பிறப்பு. நமக்கு 247 எழுத்து என்ற பெருமை? உயிர்மெய்யைக் கூட்டிய கணக்கு அது. அதே கணக்கைத் தெலுங்குக்குப் போட்டால் ஐநூறைத் தாண்டும். திருத்தணி ஆந்திராவில் இருந்ததால்தான் இங்கே தெலுங்கு வந்தது என்பதும் வெறும் பேச்சு. ஆந்திர மாநிலம் பிறந்தது 1953இல், திருத்தணி நம் பக்கம் வந்தது 1960 ஏப்ரல் 1இல். தெலுங்கு பேசும் வீட்டில் ராதாகிருஷ்ணன் இங்கே பிறந்தது 1888இல்.

என் கவலை வேறு. இந்த ஊரில் இரண்டு மொழியும் சரளமாகப் பேசுகிற எத்தனையோ பேருக்குத் தெலுங்கு எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. தெலுங்கு வீட்டுப் பிள்ளைகளில் பலருக்கும் அதே கதி. ஒப்பிட்டுப் பேச ஆசைப்படுகிறவர்கள் முதலில் நகரி பஸ்ஸின் பலகையையாவது வாசிக்கக் கற்றுக்கொள்ளட்டும். பர்ரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பு அகராதி இணையத்தில் இலவசமாகவே கிடக்கிறது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை ஒரு மணி நேரம், வீட்டுப் பாட்டியிடம் கேட்டு எழுதிவந்த இருபது சொற்கள், ஒரு கரும்பலகை. எந்தத் தலைமையாசிரியர் கூப்பிட்டாலும் வருகிறேன், சம்பளம் வேண்டாம்.