இல்லத்து நந்தவனத்தில் நந்தியாவட்டை

பெருமாளுக்கு மாலை சாற்ற விரும்புவோர் பலர்; அம்மாலைக்கு மலர் விளைவிப்போர் சிலரே. எம்பெருமானார் நியமனத்தைச் சிரமேற்கொண்டு திருமலைக்கு ஏகிய அனந்தாழ்வான், தாமும் தம் தேவியாருமாக மண் சுமந்து ஏரியும் நந்தவனமும் அமைத்தார் என்றும், அப்பணியில் பிறர் துணையை ஏற்க மறுத்தார் என்றும் பெரியோர் கூறுவர். மலர்க் கைங்கரியம் பறிப்பதில் தொடங்குவதன்று. நீர் வார்ப்பதில் தொடங்குவது என்பதே இதனால் நாம் பெறும் பாடம்.

பேயாழ்வார் செவ்வல்லி மலரில் அவதரித்த மயிலாப்பூரை அடுத்துள்ளது மந்தைவெளி. மந்தைகளுக்குரிய வெளி எனப் பெயரளவில் பொருள்படும் இவ்விடத்தில் இன்று அடுக்குமாடி இல்லங்களே மிகுதி. "பூச்செடிக்கு இடமேது?" என ஏங்கும் அன்பர்களுக்கு ஏற்றது நந்தியாவட்டை. என்றும் பசுமை மாறாத இக்குறுஞ்செடி ஆளுயரம் வளரும், தொட்டியிலும் செழிக்கும். கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் 'நந்தி' என வரும் மலர் இதுவே என்பர். ஐந்து இதழ்களையுடைய ஒற்றை, இதழ் செறிந்த அடுக்கு என இது இருவகைப்படும். இரவில் மணம் மிகுவது அடுக்கு வகையே.

ஆடி மாதத்தில், சுண்டுவிரல் பருமனுள்ள முற்றிய கிளையை ஒரு சாண் நீளத்திற்கு வெட்டுக. வடியும் பால் உலர்ந்தபின், மணல் கலந்த மண்ணில் நட்டு நிழலில் வைத்திடுக. அப்பால் கண்ணிலும் வாயிலும் படலாகாது. வேரூன்றித் தளிர்த்தபின் செம்மண், மணல், மக்கிய தொழுவுரம் மூன்றையும் சம அளவில் கலந்த தொட்டிக்கு மாற்றுக. அரை நாள் வெயிலேனும் வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நீர் தேங்கினால் வேர் அழுகும். ஆதலின் தொட்டியின் அடித்துளை அடையாதிருத்தல் அவசியம். பூத்து ஓய்ந்த கிளைநுனிகளைக் கிள்ளிவிட்டால் புதுத் தளிர்களில் மீண்டும் அரும்பு கட்டும். விரல் பருமனுள்ள பச்சைப் புழு இலைகளைத் தின்னுமாயின் கையால் அகற்றுக. திருவடி சேரும் மலருக்கு நச்சு மருந்து தகாது.

2019-ஆம் ஆண்டுக் கோடையில் சென்னைக்கு நீர் வழங்கும் ஏரிகள் வறண்டபோது, குடிநீருக்கே மக்கள் குடங்களுடன் காத்து நின்றனர். அத்தகைய காலத்தும் அன்றாடம் அரிசி களைந்த நீர் ஒரு தொட்டிச் செடியைக் காக்கப் போதுமானது. நமக்கென வந்த நீரில் ஒரு பங்கைச் செடிக்கு அளிப்பதும் கைங்கரியமே அன்றோ!

வைகறையில் நீராடி, வெயில் ஏறுமுன் மலர் கொய்க. பெருமாளுக்குரியதை முகர்ந்து பார்த்தல் மரபன்று. ஆயினும் முன்னிரவிலேயே அதன் நறுமணம் நம் இல்லத்தையும் அண்டை அயலையும் நிறைத்திருக்கும். கடைவீதியில் வாங்கிய முழம் பூவினும், தம் கையால் நீர் வார்த்து மலர்ந்த ஒரு பூ சிறியதாயினும், அதில் நம் உழைப்பும் கலந்திருக்கிறது. இவ்வுற்சவத்தைச் சேவித்து இல்லம் திரும்பும் அன்பர் ஒவ்வொருவரும் ஒரு கிளையேனும் நட்டு வளர்ப்பாராக!