வெல்டரைத் திட்டுவதற்கு முன்னால்

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதமும் படங்களும் வந்தன. களையெடுக்கும் பவர் வீடரின் கைப்பிடியைத் தாங்கும் வார்ப்பிரும்புத் துண்டு உடைந்தது, அந்த மாடலுக்கு உதிரிப்பாகமே வருவதில்லை என்று கடைக்காரர் கைவிரித்தார், தெருமுனைப் பட்டறையில் பற்றவைத்தாய், இரண்டு பாத்தி ஓட்டுவதற்குள் மறுபடி உடைந்தது. இப்போது "நல்ல வெல்டராகச் சொல்லுங்கள்" என்கிறாய். அவரிடம் நீ என்ன சொன்னாய்? "அண்ணே, இதை ஒட்டிக் குடுங்க", அவ்வளவுதானே? ஒட்டிக் கொடுத்துவிட்டார். இதில் அவர் மேல் என்ன குற்றம்?

இரண்டாவது படத்தைப் பெரிதாக்கிப் பார். வெல்டிங் அப்படியே இருக்கிறது. அதற்கு ஒரு நூல் தள்ளித்தான் விட்டிருக்கிறது. வார்ப்பிரும்பில் கரி 2 முதல் 4 விழுக்காடு வரை இருக்கும், பட்டறையில் 'எம்.எஸ்.' என்று சொல்கிற சாதாரண இரும்பில் கால் விழுக்காட்டைத் தாண்டாது. கரி மிகுந்த இரும்பைச் சாதாரண ராடால் பற்றவைத்து, அவசரத்துக்குத் தண்ணீரும் ஊற்றினால், வெல்டிங்கை ஒட்டிய பகுதி கண்ணாடி மாதிரி இறுகிவிடும். அப்புறம் இயந்திரத்தின் அதிர்வே போதும். தண்ணீர் ஊற்றினீர்களா இல்லையா? ஊற்றியிருப்பீர்கள், எனக்குத் தெரியும்.

"வார்ப்பிரும்பை ஒட்டவே முடியாதா?" என்பாய். முடியும், பொறுமை இருந்தால். விரிசலை கிரைண்டரில் 'வி' வடிவத்தில் திறந்து, துண்டு முழுவதையும் முதலில் சூடேற்றி, நிக்கல் ராடால் ஓர் அங்குலம் ஓர் அங்குலமாகப் போட வேண்டும். ஒவ்வொரு அங்குலத்தையும் சூட்டோடு சின்னச் சுத்தியலால் தட்டவேண்டும். முடிந்ததும் காய்ந்த மணலிலோ சாம்பலிலோ புதைத்துத் தானாக ஆறவிட வேண்டும். இத்தனைக்கும் நேரம் கொடுக்கிற பட்டறை கிடைத்தால் உன் அதிர்ஷ்டம்.

ஆனால் நீ இன்னொன்றைக் கவனிக்கவில்லை. முதல் முறை உடைந்த முகத்தில் பாதி கறுத்துத் துருப்பிடித்திருக்கிறது, மீதி பளிச்சென்று சாம்பல் நிறத்தில் இருக்கிறது. கறுத்த பாதி அன்றைக்கு உடைந்ததல்ல. பல நாளாக விரிசல் ஊர்ந்துகொண்டிருந்தது. மிச்சம் மட்டும்தான் அன்றைக்குப் போனது. விரிசல் எங்கே தொடங்குகிறது? போல்ட் துளையின் ஓரத்தில். துளையும் முட்டை வடிவத்துக்குத் தேய்ந்திருக்கிறது. போல்ட் தளர்ந்து ஆடிக்கொண்டிருந்தது, நீ ஓட்டிக்கொண்டே இருந்தாய். அதைச் சரிசெய்யாமல் தங்கத்தில் செய்து மாட்டினாலும் உடையும்.

ஆகவே ஒட்டுவதை விட்டுவிட்டு, 6 மி.மீ. எம்.எஸ். தகட்டில் புதிதாகவே செய்துவிடு. வார்ப்பிரும்பு சொல்லாமல் உடையும். எம்.எஸ். வளைந்து காட்டிவிட்டுத்தான் விடும். உடைந்த துண்டுகளைச் சேர்த்துவைத்து அட்டையில் மாதிரி வெட்டு. துளைகளுக்கு இடையே மையத்திலிருந்து மையத்துக்குக் கண்ணால் அளக்காதே, தவறும். இரண்டும் ஒரே அளவுத் துளை என்றால், ஒன்றின் இடது ஓரத்திலிருந்து மற்றதன் இடது ஓரத்துக்கு அள. அதுதான் மைய தூரமும். "துண்டு நொறுங்கிவிட்டதே" என்றால் மறுபக்கத்தில் இருக்கும் நல்ல துண்டைப் பார்த்துச் செய். ஆனால் அட்டையைத் திருப்பிப்போட்டு வரை. அப்படியே வரைந்து, நல்லதாக இருக்கும் பக்கத்துக்கே இன்னொன்றைச் செய்துகொண்டு வந்து நிற்காதே.

10 மி.மீ. போல்ட் என்றால் துளையின் மையம் தகட்டின் ஓரத்திலிருந்து 15 மி.மீ.யாவது உள்ளே இருக்கட்டும். முதலில் சின்னத் துளை, பிறகு பெரிய பிட், இடையிடையே இரண்டு சொட்டு எண்ணெய். உள்மூலை வருகிற இடத்தில் முதலில் ஒரு துளை போட்டுவிட்டு அதுவரை வெட்டு. கூர்மையான மூலையில்தான் அடுத்த விரிசல் பிறக்கும்.

"லாரி ஸ்பிரிங் பட்டை சும்மா கிடக்கிறதே, அது இன்னும் கெட்டியாச்சே?" இதைக் கேட்பாய் என்று காத்திருந்தேன். அரிவாள் அடிக்கிற கொல்லருக்கு அது நல்ல சரக்கு. உனக்கு ஆகாது. உன் பிட்டை மழுக்கும். அதிலும் கரி கூட, வெல்டிங் பக்கத்தில் அதே கதைதான். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. குழாயும் வேண்டாம். பற்றவைத்தால் வரும் வெள்ளைப் புகையைச் சுவாசித்தால் அன்றிரவே குளிரும் காய்ச்சலும் வரும். வேறு வழியே இல்லையென்றால் பூச்சை நன்றாகத் தேய்த்தெடுத்துவிட்டு, திறந்த வெளியில் பற்றவைக்கச் சொல்.

வெல்டிங்குக்கு இயந்திரத்தையே வண்டியில் ஏற்றிக்கொண்டு போகாதே. பாகத்தை மட்டும் கழற்றிக் கொண்டு போ. பெட்ரோல் தொட்டிக்குப் பக்கத்தில் தீப்பொறி பறப்பதைப் பார்க்க எனக்கு ஆசையில்லை.

இந்தச் சிக்கன புத்தி கத்திகளுக்கும் தாவிவிடும் என்பதால் இப்போதே சொல்கிறேன்: வேகமாகச் சுழலும் கத்தி எதுவானாலும், புல்வெட்டும் இயந்திரத்தினுடையதும் சேர்த்து, விரிசல் கண்டால் புதிதுதான் வாங்க வேண்டும். கைப்பிடித் தாங்கி உடைந்தால் வேலை நிற்கும். கத்தி உடைந்தால் அது யார் காலில் போய் நிற்கும் என்று சொல்ல முடியாது.

மாட்டும்போது தலையில் 8.8 என்று பொறித்த புதுப் போல்ட் போடு, பழையது வேண்டாம். நைலாக் நட்டும் வாஷரும் சேர்த்து முறுக்கு. ஒரு மணி நேரம் ஓட்டியபின் நிறுத்தி, எல்லாவற்றையும் மறுபடி ஒரு முறை முறுக்கிப் பார். ஐந்து நிமிட வேலை. இதைச் செய்யாததால்தான் இத்தனை கதையும்.

முடித்துவிட்டுப் படம் அனுப்பு. பெயிண்ட் அடிப்பதற்கு முன்னால் எடுத்த படமாக இருக்கட்டும். பெயிண்ட் அடித்தபின் எல்லா வெல்டிங்கும் அழகாகத்தான் தெரியும்.

அன்புடன்,
அண்ணன்