நிறத்தைப் பார்த்து மாட்டின் இனத்தைச் சொல்லலாமா?

மாடு வாங்கப் போனால் தரகர் முதலில் சொல்லும் வார்த்தை, “இது அசல் பிரீசியன்ங்க. கறுப்பும் வெள்ளையும் பாத்தாலே தெரியலயா?” என்பதுதான். சீட்டுக் காசையும் கடனையும் சேர்த்து மாடு வாங்குகிற நாம், நிறத்தை மட்டும் நம்பிப் பணத்தைக் கொடுக்கலாமா?

நிறம் ஏன் ஏமாற்றும்?

பிரீசியனின் கறுப்பு, சிவப்பை மறைத்துவிடும் குணமுள்ளது. தாய், தகப்பன் இருவரில் ஒருவரிடமிருந்து வந்தாலே போதும், கன்று பெரும்பாலும் கறுப்பாகவே பிறக்கும். அதனால் பாதி பிரீசியனும் கால் பிரீசியனும்கூட அசல் போலத் தெரியலாம். அதேபோல, மறைந்திருக்கும் சிவப்பு இரு பக்கமும் இருந்தால், அசல் பிரீசியன் சோடிக்கே சிவப்புக் கன்று பிறப்பதும் உண்டு.

உடம்புக்குள் இருக்கும் அடையாளம்

மாட்டின் உடம்பில் டீ.என்.ஏ. என்ற நீண்ட இழை 60 நிறமூர்த்தங்களாக இருக்கிறது. 30 தாய் கொடுத்தது, 30 தகப்பன் கொடுத்தது. இந்த இழையில் சில இடங்களில் ஒரே சிறு துண்டு திரும்பத் திரும்ப வரும். ஒரு மாட்டில் 12 தடவை வந்தால் இன்னொன்றில் 17 தடவை வரலாம். இப்படி மாட்டுக்கு மாடு வித்தியாசப்படும் இடங்களைத்தான் மரபணு அடையாளக் குறிகள் என்கிறோம். வேரோடு பிடுங்கிய வால்மயிர் அல்லது கொஞ்சம் இரத்தம் இருந்தால் ஆய்வுகூடத்தில் இவற்றைப் பார்க்கலாம்.

நம்ம வீ.பீ. மலையில் ஒரே தாய்ச்செடியிலிருந்து வந்த கன்றுகள் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். மாட்டினம் அப்படியில்லை. அது விதைத் தேயிலை மலை மாதிரி. சாயல் ஒன்று, செடிக்குச் செடி வேறு. ஆகையால் ஒரே ஒரு குறியை வைத்து இனத்தைச் சொல்ல முடியாது. பல குறிகளைச் சேர்த்து, பதிவுசெய்த அசல் மாடுகளோடு ஒப்பிட்டு, எந்த இனம் எத்தனை பங்கு என்று கணக்கிடுவார்கள்.

திமிலும் ஏமாற்றும்

1994 இல் அயர்லாந்தின் டப்ளின் ஆராய்ச்சியாளர்கள் ஐரோப்பிய, ஆபிரிக்க, இந்திய மாடுகளில், தாய் வழியாக மட்டுமே வரும் டீ.என்.ஏ.யை ஒப்பிட்டார்கள். ஆபிரிக்காவின் திமில் மாடுகள் பார்வைக்கு இந்திய மாடுகள் போலவே இருந்தன. ஆனால் அவற்றின் தாய்வழிக் குறியோ திமில் இல்லாத மாடுகளின் பக்கம்! ஆசியாவிலிருந்து போன திமில் காளைகள் அங்கிருந்த திமில் இல்லாப் பசுக்களோடு சேர்ந்த வம்சம் அது. தோற்றம் சொல்லாததைக் குறி சொல்லிவிட்டது.

நமக்கு இதனால் என்ன?

பிரீசியன் பெரிய உடம்பு. பால் கூட, தீனியும் கூட. ஜேர்சி சின்ன உடம்பு; பால் குறைவு, ஆனால் பாலில் கொழுப்பு கூட. கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டுப் புல் அறுக்கப் போகிற அக்காவுக்கு இது சின்ன வித்தியாசமா?

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்றிருக்கிறது. கன்றின் தகப்பன் யாரென்று தெரியாவிட்டால், அது வளர்ந்தபின் அதே காளையின் விந்தையே அதற்கும் செலுத்த நேரிடும். இரத்த உறவில் சேர்ந்தால் பிறக்கும் கன்று நோஞ்சானாகலாம், பால் குறையலாம், சினை பிடிப்பதும் கஷ்டமாகலாம்.

ஆய்வுகூடம் லயத்து வாசலுக்கு வராது. ஆனால் ஒரு கொப்பியும் பேனையும் எல்லார் வீட்டிலும் இருக்கிறது. சினை ஊசி போடும்போது விந்துக் குழாயில் காளையின் இலக்கம் அச்சடித்திருக்கும். “ஐயா, நம்பரைச் சொல்லுங்க, எழுதிக்கிறேன்” என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கமில்லை.

நினைவில் வைக்க:

1. மாடு வாங்கும்போது நிறத்தைப் பார்க்குமுன் சினை ஊசி அட்டையைக் கேளுங்கள்.
2. ஊசி போட்ட திகதி, காளையின் இனம், இலக்கம் மூன்றையும் எழுதி வையுங்கள்.
3. தகப்பன் காளையின் ஊசியை மகளுக்குப் போடவேண்டாம் என்று மிருக வைத்தியரிடம் சொல்லுங்கள்.
4. மாட்டை விற்கும்போது கொப்பியையும் சேர்த்துக் கொடுங்கள். தகப்பன் பெயர் தெரிந்த மாட்டை நம்பி வாங்குவார்கள்.