அரம் கலக்கிய ரம்

கேள்வி: வளரும் பருவத்தைச் சொல்லும் நாவல்களில், வரப்போவதை முன்கூட்டியே கோடி காட்டினால் சுவாரஸ்யம் கெட்டுவிடாதா?
— வாசகி, தஞ்சாவூர்

பதில்: சிறுவனின் கண் வழியாகக் காட்டினால் கெடாது. சார்லஸ் டிக்கன்ஸின் ‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ நாவலைப் பாருங்கள். 1860-61இல் வாரத் தொடராக வந்தது. தப்பியோடிய கைதிக்குச் சிறுவன் பிப், கொல்லர் பட்டறையிலிருந்து அரம் எடுத்துக் கொடுக்கிறான். பிறகொரு நாள், மதுக்கடையில் ஓர் அந்நியன் தன் ரம்மை அதே அரத்தால் கலக்குகிறான், பிப்பின் கண்ணுக்கு மட்டும் படும்படி. கிளம்பும்போது கசங்கிய காகிதத்தில் சுற்றி ஒரு ஷில்லிங் தருகிறான். வீட்டில் பிரித்தால், அந்தக் காகிதமே இரண்டு ஒரு பவுண்டு நோட்டுகள்!

பணம் எங்கிருந்து வரப்போகிறது என்பதை டிக்கன்ஸ் அங்கேயே சொல்லிவிட்டார். ஆனால் பிப்புக்கோ, கைதியோடு தனக்கிருந்த தொடர்பு வெளியே தெரிந்துவிடுமோ என்ற பயம்தான் பெரிதாக இருக்கிறது. அவன் பயத்தில் நாமும் நோட்டுகளை மறந்துவிடுகிறோம். பின்னாளில் யாரோ பெயர் சொல்லாமல் அவனைச் சீமானாக்கும்போது, அது பணக்காரச் சீமாட்டி மிஸ் ஹவிஷாமின் கொடை என்றே நினைக்கிறான். செய்தி கொண்டுவரும் வக்கீலை அவர் வீட்டு மாடிப்படியில் முன்பே பார்த்தவனாயிற்றே!

கதையைச் சொல்பவன் வளர்ந்துவிட்ட பிப். அவனுக்கு எல்லாம் தெரியும். இருந்தும் அந்த மதுக்கடையில் வாயைத் திறக்காமல் சிறுவனைப் பேசவிடுகிறான். எனக்கு இந்நாவலில் மிகவும் பிடித்தது இந்த அடக்கம்தான். ‘அன்றைக்கு எனக்குத் தெரியாது...’ என்று அடிக்கடி எச்சரிக்கும் நாவல்களில்தான் நீங்கள் சொல்லும் சலிப்பு வருகிறது.