ஊர்ப்பக்கம் ஐ.டி. வேலையா? மிஞ்சுவதைக் கணக்கிடுங்கள்

கணினி வேலை என்றால் சென்னைக்கோ பெங்களூருக்கோ பஸ் ஏறத்தான் வேண்டும் என்ற நிலை, 2011-இல் தென்காசி அருகே மத்தளம்பாறையில் மென்பொருள் நிறுவனமான ஜோஹோவின் அலுவலகம் வந்தபின் பாவூர்சத்திரம் வட்டாரத்தில் கொஞ்சம் மாறியிருக்கிறது. ஊர்ப்பக்க வேலையையும் நகரத்து வேலையையும் ஒப்பிடும்போது சம்பளத்தை மட்டும் பார்க்காதீர்கள். வாடகை, அட்வான்ஸ், மெஸ், தீபாவளி பொங்கலுக்கு ஆம்னி பஸ் டிக்கெட் எல்லாம் போக மிஞ்சுவதைப் பாருங்கள். ஊர்ப்பக்கம் இருந்தால் சில்லறை வேலைதான் கிடைக்கும் என்பார்கள். ஆனால் ஜோஹோ டெஸ்க் மென்பொருள் உருவானதே தென்காசியில்தான்.

வலுவான ஆட்சேபம் வேறு: ஊர்ப்பக்க வேலை போனால் பக்கத்தில் மாற்று நிறுவனங்கள் குறைவு. உண்மைதான். அதனால் மிஞ்சும் பணத்தில் முதலில் ஆறு மாதச் செலவைத் தனியே ஒதுக்குங்கள். பைக் தவணை அப்புறம். ஒரே நிறுவனத்துக்குள் மட்டும் செல்லுபடியாகும் கருவிகளோடு நின்றுவிடாமல் ஜாவா, எஸ்.கியூ.எல். போல எங்கும் கேட்கப்படுவதையும் பழகுங்கள். பிளஸ் டூ முடித்து ஜோஹோ நடத்தும் பயிற்சிப் பள்ளியில் உதவித்தொகையோடு படிப்பவர்கள், தொலைநிலைக் கல்வியில் ஒரு பட்டமும் முடித்துவைப்பது நல்லது; பட்டம் கேட்கும் நிறுவனங்கள் இன்னும் ஏராளம். நேர்காணலில் இரவுப் பணி உண்டா என்று கேட்கத் தயங்காதீர்கள். வேலை மாறினால் பழைய யு.ஏ.என். எண்ணையே கொடுத்து, பி.எஃப். கணக்கை மாற்றிக்கொள்ளுங்கள்.