பப்ளிக் ஸ்கூலுக்குக் கட்டணமா?

கேள்வி: லண்டனில் இருக்கும் என் மகள், பேரனை பப்ளிக் ஸ்கூலில் சேர்க்கக் கட்டுப்படியாகாது என்கிறாள். அது அரசுப் பள்ளிதானே?

பதில்: அமெரிக்காவில் அப்படித்தான். இங்கிலாந்தில் நேர் எதிர். ஈட்டன் போன்ற, கட்டணம் வாங்கும் பழைய தனியார் பள்ளிகளுக்குத்தான் அங்கே அந்தப் பெயர். எந்த ஊர்ப் பிள்ளையானாலும், அப்பா எந்தத் தொழில் செய்தாலும் பணம் கட்டினால் சேரலாம் என்பதால் ‘பப்ளிக்’. இத்தனைக்கும் 1440-ல் ஆறாம் ஹென்றி மன்னர் ஈட்டனைத் தொடங்கியது 70 ஏழைப் பையன்களுக்கு இலவசமாகக் கல்வி தரத்தான்! வழி மாறிப்போனது வருத்தமே. அரசுப் பள்ளியை அங்கே ‘ஸ்டேட் ஸ்கூல்’ என்பார்கள். ஸ்டேட் ஸ்கூலில் படிப்புக்குக் கட்டணம் கிடையாது, கவலையை விடுங்கள்.