ஒலிபெருக்கி வேண்டாத குரல்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

நியூயார்க் நகரில் மெட்ரோபாலிடன் ஓபரா என்னும் புகழ்பெற்ற இசை நாடக அமைப்பு ஒன்று உண்டு. 1883-ஆம் ஆண்டு தொடங்கிய அவ்வமைப்பு, 1966 முதல் லிங்கன் சென்டரில் உள்ள அரங்கில் நாடகங்களை நடத்தி வருகிறது. ஏறத்தாழ 3800 பேர் அமரக்கூடிய அரங்கு அது. மேடைக்கு முன்னால் உள்ள பள்ளத்தில் வயலின்களும் எக்காளங்களும் முரசுகளுமாகப் பெரியதோர் இசைக்குழு முழங்குகிறது. அம்முழக்கத்துக்குப் பின்னால் நின்று ஒருவர் பாடுகிறார். மேல்மாடியின் கடைசி வரிசையில் இருப்பவருக்கும் அவர் குரல் தெளிவாகக் கேட்கிறது. அவருக்கு முன்னால் ஒலிபெருக்கி எதுவும் இல்லை! நூறு பேர் கூடிய காதுகுத்து விழாவுக்கே குழாய் ஒலிபெருக்கி கட்டிப் பழகிய நமக்கு இது வியப்பாகத்தானே இருக்கும்?

இத்தகைய பாடல் ஒன்றைக் கைப்பேசியில் நான் கேட்டுக்கொண்டிருந்தபோது, என் தம்பி, "ஏனக்கா இந்த ஆள் இப்படிக் கத்துகிறார்?" என்று கேட்டான். அவர் கத்தவில்லை என்பதை அவனுக்கு விளக்க முயன்றதன் விளைவே இக்கட்டுரை. கத்திப் பாடினால் அந்தக் குரல் ஓராண்டு கூட நிலைக்காது. கத்தாமலேயே அரங்கை நிரப்பக் கற்றுக்கொள்வதற்குத்தான் அந்நாட்டு மாணவர்கள் பத்தாண்டுகளைச் செலவிடுகிறார்கள்.

முதலில் இயற்பியலைப் பார்ப்போம். முதலாண்டில் ஒத்ததிர்வுக் காற்றுத்தம்பச் சோதனையை நாம் எல்லோரும் செய்திருக்கிறோம். இசைக்கவையைத் தட்டிக் குழாயின் வாயருகே பிடித்து, நீர்மட்டத்தை ஏற்றி இறக்கினால் ஓரிடத்தில் ஒலி திடீரென ஓங்கும். நம் தொண்டையும் அத்தகைய குழாயே. குரல்நாண்களிலிருந்து உதடுவரை வளர்ந்த ஆண் ஒருவருக்கு ஏறத்தாழ 17.5 செ.மீ. நீளம் இருக்கும். அதை ஒரு முனை மூடிய குழாயாகக் கொள்வோம். உள்ளே இருக்கும் வெதுவெதுப்பான ஈரக் காற்றில் ஒலியின் வேகம் வினாடிக்குச் சுமார் 350 மீட்டர். குழாய் நீளத்தின் நான்கு மடங்கால் இதை வகுத்தால் 500 ஹெர்ட்ஸ் கிடைக்கும். அடுத்த ஒத்ததிர்வுகள் 1500, 2500 என அமையும். நாவையும் தாடையையும் உதட்டையும் அசைத்து இவ்வெண்களை நாம் மாற்றும்போதுதான் ஆ, ஈ, ஊ என்னும் உயிரொலிகள் வேறுபடுகின்றன.

பாடகருக்கு வரும் இடர்ப்பாடு இங்கேதான் தொடங்குகிறது. இசைக்குழு எழுப்பும் ஒலியின் ஆற்றலும் 500 ஹெர்ட்ஸை ஒட்டியே மிகுந்து, அதற்கு மேலே போகப் போகக் குறைந்துவிடுகிறது. பயிற்சியற்ற குரலின் ஆற்றல் பரவியிருக்கும் முறையும் ஏறத்தாழ அப்படியே. ஆகவே எண்பது வாத்தியங்களோடு அதே அதிர்வெண்ணில் ஒரு தொண்டை போட்டியிட்டால் தோற்பது உறுதி. ஸ்வீடன் நாட்டு ஒலியியல் அறிஞர் யோஹான் சுண்ட்பெர்க் இதை ஆராய்ந்து, 1977-இல் 'சயண்டிஃபிக் அமெரிக்கன்' இதழில் விளக்கினார். தேர்ந்த ஓபரா ஆண் குரல்களில் 3000 ஹெர்ட்ஸை ஒட்டி ஒரு தனி மேடு இருக்கிறது. அந்த இடத்தில் இசைக்குழு மெலிந்திருக்கும். மனிதச் செவியோ மிகக் கூர்மையாக இருக்கும். பெரிய சந்தைக் கூச்சலில் ஒரு சிறு மணி தனித்துக் கேட்பதைப்போல, அந்த மேட்டின் வழியாகக் குரல் நம்மை வந்தடைகிறது. இதனைப் 'பாடகர் ஃபார்மண்ட்' என்பர்.

அந்த மேடு எவ்வாறு உண்டாகிறது? குரல்நாண்களுக்குச் சற்று மேலே மிகக் குறுகிய குழாய்ப் பகுதி ஒன்று இருக்கிறது. குரல்வளையைச் சிறிது இறக்கி, அதைச் சுற்றியுள்ள தொண்டையை விரித்தால், தொண்டையின் குறுக்குப் பரப்பு அந்தக் குழாய் வாயைப்போல் ஆறு மடங்குக்கு மேல் ஆகிவிடும். அப்போது அந்தச் சிறு குழாய் தனி ஒத்ததிர்வியாக இயங்கத் தொடங்குகிறது. நம் சூத்திரத்தையே திருப்பிப் போட்டுப் பார்த்தேன். 3000 ஹெர்ட்ஸுக்கு வேண்டிய நீளம் 350-ஐ 12000-ஆல் வகுத்தால் வரும் 2.9 செ.மீ. தொண்டையில் உள்ள அக்குழாயின் நீளமும் இரண்டு மூன்று செ.மீ. அளவினதே. சோதனைச்சாலைக் கண்ணாடிக் குழாய்க்கு மட்டும் என்று நான் குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்த சூத்திரம் பாடகரின் கழுத்துக்குள்ளும் பொருந்துவதைக் கண்டபோது மிகவும் மகிழ்ந்தேன்.

உச்சக் குரலில் பாடும் சொப்ரானோ பெண்களுக்கு வழி வேறு. அவர்கள் எடுக்கும் சுருதியே தொண்டையின் முதல் ஒத்ததிர்வைத் தாண்டிவிடும். எனவே சுருதி ஏற ஏறத் தாடையை மேலும் திறந்து ஒத்ததிர்வைச் சுருதிக்கு இணையாக உயர்த்துகிறார்கள். அப்போது ஈ என்பதும் ஆ போலவே ஒலிக்கும். உச்சத்தில் சொல் புரியவில்லையே என்று அவர்களைக் குறை சொல்வது இயற்பியலைக் குறை சொல்வதாகும்.

"சூத்திரம்தான் தெரிந்துவிட்டதே, பிறகு எதற்குப் பத்தாண்டு?" என்று நண்பர்கள் கேட்கலாம். வயலின் கற்பவர் தன் விரலைப் பார்க்கலாம். ஆசிரியர் அதைப் பிடித்துத் திருத்தலாம். பாடகரின் கருவியோ அவர் கண்ணுக்கும் தெரியாது, ஆசிரியரின் கைக்கும் எட்டாது. குரல்வளையை இறக்கு என்று சொன்னால் மாணவர் நாவின் அடியை இறுக்கிவிடுவார், குரல் கெடும். அதனால் ஆசிரியர்கள் சுற்றி வளைத்தே சொல்கிறார்கள்: கொட்டாவி விடத் தொடங்குவதுபோல் வைத்துக்கொள், பூவை முகர்வதுபோல் மூச்சை இழு என்பார்கள். இவையெல்லாம் அறிவியல் சொற்கள் அல்ல. ஆயினும் தசைக்கு அவைதாம் புரிகின்றன.

இன்னொரு சிக்கலும் உண்டு. பாடுகிறவர் தம் குரலைப் பாதி எலும்பின் வழியாகவே கேட்கிறார். உயர் அதிர்வெண்களோ முன்னோக்கிச் செல்பவை. எனவே தம் காதுக்கு நிறைவாகத் தோன்றும் ஒலி அரங்கில் மங்கலாக இருக்கலாம். தமக்கு மெலிவாகத் தோன்றுவது கடைசி வரிசைவரை செல்லலாம். தன் காதையே நம்பக்கூடாத கலை இது. புகழ் பெற்ற பின்னும் அவர்கள் ஆசிரியரிடம் திரும்பத் திரும்பப் போவதன் காரணம் அதுவே.

குரல்நாண்கள் இயங்குவதை முதன்முதலில் தெளிவாகப் பார்த்து எழுதியவரும் ஒரு பாட்டு ஆசிரியர்தான் என்பது நம் துறை மாணவர்கள் அறிய வேண்டிய செய்தி. மானுவேல் கார்சியா என்பவர் 1854-இல் பல் மருத்துவர் பயன்படுத்தும் சிறு கண்ணாடியைத் தம் தொண்டைக்குள் வைத்து, வேறொரு கண்ணாடியால் சூரிய ஒளியை அதன்மேல் திருப்பித் தம் குரல்நாண்களைத் தாமே கண்டார். அடுத்த ஆண்டு லண்டன் ராயல் சங்கத்தில் அவரது கட்டுரை படிக்கப்பட்டது. தொண்டை மருத்துவம் அந்தக் கண்ணாடியிலிருந்து வளர்ந்தது. இவரிடம் 1841-இல் ஜென்னி லிண்ட் என்னும் ஸ்வீடன் நாட்டுப் பெண் வந்தார். இருபது வயதிலேயே மேடையில் ஓயாமல் பாடிக் குரலைத் தேய்த்துக்கொண்டு வந்தவர். கார்சியா பாடம் எதுவும் சொல்லித் தரவில்லை. சில வாரங்கள் பாடாமல், கூடுமானவரை பேசாமலும் இருந்துவிட்டு வரச் சொன்னார். அதன்பிறகு அடிப்படையிலிருந்து கற்பித்தார். ஐரோப்பாவும் அமெரிக்காவும் பின்னாளில் கொண்டாடியது இப்படிக் கட்டப்பட்ட இரண்டாவது குரலைத்தான்.

இக்காலப் பாடத்திட்டத்துக்கு வருவோம். அமெரிக்காவில் இளங்கலை நான்காண்டு, முதுகலை இரண்டாண்டு. இத்தாலியம், ஜெர்மன், பிரெஞ்சு ஆகிய மூன்றையும் பிழையின்றி உச்சரிக்கப் பழக வேண்டும். பொருள் தெரியாமல் ஒரு சொல்லும் பாடக்கூடாது. பியானோ, இசை இலக்கணம், நடிப்பு, மேடையில் வாள் வீசுதல்கூட உண்டு. பாட்டு ஆசிரியர் குரலைப் பார்ப்பார். பியானோவுடன் அமரும் 'கோச்' என்பவர் பாத்திரத்தையும் மொழியையும் பார்ப்பார். இந்த இருவரையும் ஒருவராக எண்ணிவிடக் கூடாது. இவ்வளவும் முடித்துப் பட்டம் வாங்கும்போது மாணவருக்கு வயது இருபத்து நான்கு. ஓபரா அரங்குகளைப் பொறுத்தவரை அவர் இன்னும் தொடங்கவே இல்லை.

ஏனெனில் குரல் பழுக்கும் காலம் வேறு. மெல்லிய குரல்கள் இருபதுகளில் மேடையேறலாம். வாக்னர் இயற்றிய நாடகங்களின் பெரும் பாத்திரங்களை முப்பது வயதுக்கு முன் தொடுவது ஆபத்து என்பர். உழவர் குடும்பத்தில் 1918-இல் பிறந்த பிர்கிட் நில்சன், வாக்னரின் இசோல்டாவாக மெட்ரோபாலிடன் மேடையில் தோன்றியது 1959-இல். அப்போது அவருக்கு நாற்பத்தொரு வயது.

என் வீட்டில் பட்டம் என்றால் படிப்பின் முடிவு என்றே பொருள். அரிசி ஆலையில் வேலை பார்க்கும் என் தந்தையார், இறுதித் தேர்வுக்கு அடுத்த மாதமே நான் சம்பளம் கொண்டுவர வேண்டும் என்று எண்ணுவதில் குற்றம் காண இயலாது. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். ஆகவே, பட்டத்துக்குப் பிறகும் ஐந்தாறு ஆண்டு காத்திருக்க வேண்டிய ஒரு தொழிலைப் பற்றிப் படித்தபோது, எனக்கு முதலில் தோன்றிய கேள்வி, அந்த ஐந்தாறு ஆண்டு சோறு போடுகிறவர் யார் என்பதே.

இதற்கு அந்நாடுகள் சில வழிகளைக் கண்டிருக்கின்றன. பிலடெல்பியாவில் 1934-இல் தொடங்கிய அகாடமி ஆஃப் வோக்கல் ஆர்ட்ஸ் என்னும் பள்ளி, தேர்ந்தெடுக்கும் சிலரிடம் கல்விக் கட்டணமே வாங்குவதில்லை. மெட்ரோபாலிடன் அரங்கு 1980-இல் இளங்கலைஞர் பயிற்சித் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. லண்டன் ராயல் ஓபராவில் 2001-இல் ஏற்பட்ட திட்டத்தில் இரண்டாண்டு சம்பளம் கொடுத்தே கற்பிக்கிறார்கள். ஜெர்மனியில் அரசுப் பணத்தில் நடக்கும் ஓபரா அரங்குகள் ஏறத்தாழ 80 இருப்பதால், அங்கே மாதச் சம்பளத்தில் சேர்ந்து சிறு பாத்திரங்களைப் பாடிப் பாடியே வளர முடிகிறது. ஆனால் இவற்றுக்கெல்லாம் இடம் குறைவு, வருகிறவர் மிகுதி. குரல் தேர்வுக்குப் போகப் பயணச் செலவு, பியானோ வாசிப்பவருக்குக் கூலி, நல்ல உடை என்று கணக்குப் போட்டால் ஏழை வீட்டுப் பிள்ளை வாயிலிலேயே நின்றுவிடும்.

அப்படியும் உள்ளே வந்தவர்களின் வரலாற்றைப் பார்த்தால் ஒவ்வொருவருக்கும் பின்னால் யாரோ ஒருவர் இருந்திருக்கிறார். லூசியானோ பவரொட்டி ரொட்டி சுடுபவரின் மகன். தாயார் சுருட்டுத் தொழிற்சாலைத் தொழிலாளி. 1954-இல் அவரைச் சேர்த்துக்கொண்ட அர்ரிகோ போலா என்னும் பாடகர் கட்டணம் வாங்காமல் கற்பித்தார். தொடக்கப் பள்ளி ஆசிரியராகவும் காப்பீட்டு முகவராகவும் வேலை செய்துகொண்டே பவரொட்டி கற்றார். இடையில் குரல்நாணில் கட்டி உண்டாகி, பாட்டையே விட்டுவிட எண்ணியதும் உண்டு. ஏழாண்டுக்குப் பிறகு 1961-இல்தான் முதல் மேடை. அதன் பின்பும் 1965-இல் ஆஸ்திரேலியப் பயணத்தில், உடன் பாடிய ஜோன் சதர்லேண்ட் அம்மையார் மூச்சு விடும்போது அவர் விலாவில் கைவைத்துப் பார்த்து உதரவிதானத்தை ஆள்வது எப்படி என்று கற்றுக்கொண்டார். 1972-இல் நியூயார்க்கில் ஒரே பாட்டில் ஒன்பது முறை உச்ச சுருதியைத் தொட்டு அவர் பெற்ற புகழை மட்டும்தான் உலகம் நினைவில் வைத்திருக்கிறது.

லியோண்டைன் பிரைஸ் அம்மையாரின் தந்தையாரும் ஆலைத் தொழிலாளிதான். மிசிசிப்பி மாநிலத்தில் மர ஆலை. பள்ளி ஆசிரியையாகும் எண்ணத்தோடு படித்த அக்கறுப்பினப் பெண்ணுக்கு, 1948-இல் ஜூலியார்ட் இசைப் பள்ளியில் உதவித்தொகை கிடைத்தது. நியூயார்க்கில் தங்கிச் சாப்பிடும் செலவை அவருடைய உறவினர் வேலை செய்த வீட்டார் ஏற்றுக்கொண்டனர். புகழ்பெற்ற பாடகர் பால் ராப்சன் கச்சேரி நடத்திப் பணம் திரட்டித் தந்தார். 1961-இல் பிரைஸ் மெட்ரோபாலிடன் மேடையேறினார்.

அவருக்கு அந்தக் கதவைத் திறந்து வைத்தவர் மரியன் ஆண்டர்சன். 1897-இல் பிலடெல்பியாவில் பிறந்தவர். தந்தையை இளமையிலேயே இழந்து, தாயின் கூலி உழைப்பில் வளர்ந்தார். இசைப் பள்ளி ஒன்றில் சேரப் போனபோது, கறுப்பினத்தவர் என்பதற்காகத் திருப்பி அனுப்பப்பட்டார். தேவாலயத்தில் உடன் வழிபட்டவர்கள் சில்லறை சில்லறையாகச் சேர்த்துத் தனியாசிரியரிடம் கற்க வைத்தார்கள். ஐரோப்பா முழுவதும் அவர் கச்சேரிகளைக் கொண்டாடியது. 1939-இல் வாஷிங்டனில் லிங்கன் நினைவகத்தின் படிகளில் நின்று 75,000 பேர்முன் பாடினார். (அங்கே ஒலிபெருக்கி இருந்தது!) ஆனால் மெட்ரோபாலிடன் அரங்கு அவரை அழைத்தது 1955-இல்தான். அந்த மேடையில் தனிப் பாத்திரம் ஏற்றுப் பாடிய முதல் கறுப்பினப் பாடகர் அவரே. வெர்டியின் நாடகம் ஒன்றில் குறிசொல்பவளாகத் தோன்றினார். அதற்குமுன் எந்த ஓபராவிலும் அவர் நடித்ததில்லை. திரை விலகியதும் மக்கள் எழுந்து நின்று ஆரவாரம் செய்தார்கள். அன்று ஜனவரி 7. அவருக்கு வயது ஐம்பத்தேழு. குரலின் சிறந்த ஆண்டுகள் கடந்துபோயிருந்தன.